மருந்து வண்டு

என் மனைவியின் அண்ணனைப் பற்றி எழுதப் போகிறேன். பெயரை மட்டும் எழுத மாட்டேன். எங்கள் ரீஃப் தீவுகளில் பெண் எடுத்த வீட்டு ஆணின் பெயர் நம் வாயில் வரக் கூடாது. எங்கள் பேச்சில் மழைக்கு என்ன பெயரோ அதுதான் அவருக்கும் பெயர். அதனால் கல்யாணமான நாளிலிருந்து இருபத்தைந்து வருஷம் நான் மழையை மழை என்று சொன்னதில்லை. "மேலேயிருந்து தண்ணி வருது, துணியை எடு" என்றுதான் வீட்டில் கத்துவேன்.

இன்னும் இருக்கிறது. அவரைக் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. அவர் சொன்னதை மறுக்கக் கூடாது. அவர் குறையைப் பிறர் காதில் போடக் கூடாது. ஒற்றை ஆளாகக் கூப்பிடவும் கூடாது. முன்னால் நிற்பது ஒருவர்தான், ஆனாலும் "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா" என்றுதான் விசாரிக்க வேண்டும். என்னையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். தலைநகர் ஹோனியாராவில் நான் வேலை பார்த்த பயிர்ப்பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் ஒருநாள் அவர் போன் வந்தது. சத்தமாக வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் மேலதிகாரி ஹெஸ்டா, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இசபெல் தீவுப் பெண், காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டாள்.

"யாரண்ணே அந்த ரெண்டாவது ஆளு? உங்க தொப்பையா?"

நிலையமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் நுக்காலே என்ற சின்னத் தீவில் இருக்கிறார். நின்ற இடத்திலிருந்து திரும்பினால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். இளவயதில் சிப்பிக்கு முங்கி முங்கி வலது காது போய்விட்டது. அதனால் யார் பேசினாலும் தலையைச் சாய்த்து இடது காதைக் கொடுப்பார். புதிதாகப் பார்க்கிறவனுக்கு அது பணிவு போலத் தோன்றும். கோயில் மணி அடிப்பது அவர் வேலை. மணி என்றால் மணி இல்லை. அடிப்பக்கம் அறுத்த பழைய காஸ் சிலிண்டரைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இரும்புக் கம்பியால் அடிப்பார். சத்தம் பாதிதான் கேட்கும் அவருக்கு. "பல்லுல அதிர்ந்தா போதும், மூணு தீவுக்குக் கேட்டிருக்கும்" என்பார். பதினேழு வருஷம் அடித்தார். ஒருநாள் தவறியதில்லை.

தென்னை நூற்று அறுபது மரம். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் ஒரு கன்று வைத்துவிடுவார். பிறகு அந்தப் பிள்ளை தப்புச் செய்தால் மரத்தடிக்குப் போய் மரத்தைத் திட்டுவார். பிள்ளையைத் திட்டமாட்டார். மழை பொய்க்கும் மாதங்களில் இளநீர்தான் குடிதண்ணீர். தென்னை போனால் நுக்காலேயில் ஆள் இருக்க முடியாது. இதைத் தெரிந்தவன் நான். பக்கத்துத் தீவில் பிறந்தவன்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு என் மனைவி ஈவ்லினிடம் அவர் சொல்லியனுப்பினார். உதவியை நேராக என்னிடம் கேட்கக் கூடாதே.

"அண்ணன் போன் பண்ணாரு," என்றாள் ஈவ்லின். "தென்னையில வண்டாம். குருத்தைத் தின்னுதாம். உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச மருந்து ஏதாவது இருந்தா கொஞ்சம் பார்க்கச் சொல்றாரு."

"என்ன வண்டாம்?"

"அதை நான் எப்படிக் கேக்க? நீ கேளேன்."

நான் எப்படிக் கேட்க? கேட்டால், அவர் பேச்சை நம்பவில்லை என்று ஆகும். கேட்கவில்லை. ஹோனியாராவில் அப்போது ஒரே வண்டுதான் எல்லார் வாயிலும். கொம்பு வண்டு. எங்கிருந்தோ கப்பலேறி வந்து தென்னந்தோப்புகளை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. வண்டு என்றால் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மருந்தும் என்னிடம் இருந்தது, அல்லது இருந்தது என்று நினைத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இளவயதில் நியூ பிரிட்டன் தீவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாலு வருஷம் வேலை செய்தேன். அங்கே இந்தக் கொம்பு வண்டுக்கு ஒரு சீக்கைக் கொடுத்துப் பறக்க விடுவார்கள். செத்த வண்டின் குடலை அரைத்துத் தண்ணீரில் கலக்கி, உயிர் வண்டின் வாயில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். அது ஒரு மாதம் உயிரோடு திரியும், தின்னாது, முட்டை போடாது, போகிற இடமெல்லாம் கழிந்து மற்ற வண்டுக்கும் சீக்கைக் கொடுத்துவிட்டுச் சாகும். வயிற்றைக் கிழித்தால் குடல் வெள்ளையாக, பால் நிரம்பியது போல உப்பியிருக்கும். என் கண்ணால் பார்த்தது. ஒரே வருஷத்தில் தோட்டம் தெளிந்தது.

ஹெஸ்டாவும் அந்தச் சீக்கை வரவழைத்திருந்தாள். இருபது வண்டுக்கு வாயில் சொட்டு விட்டு, கரும்புத் துண்டு போட்டு, பெட்டியில் அடைத்து வைத்தாள். ஒவ்வொரு வண்டிலும் ஒரு காலை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினாள்.

"காலை வெச்சு என்ன பண்ணப் போறாங்க, சூப்பா?" என்றேன்.

"உள்ளே ஒரு எழுத்து இருக்கு அண்ணே. அதைப் படிப்பாங்க. ஊர் ஊருக்கு இந்த வண்டு ஒரே மாதிரி இருக்கு, ஆனா ஒரே வண்டுதானான்னு எனக்குச் சந்தேகம்."

"கொம்பு ஒண்ணு, நிறம் ஒண்ணு, நாத்தம் ஒண்ணு. வண்டு வண்டுதான்."

"ஆறு வாரம் பொறுங்க. பதில் வரட்டும். அதுவரைக்கும் ஒரு வண்டுகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

ரெண்டாவது வாரம் கப்பல் கிளம்பியது. அடுத்த கப்பல் எப்போது என்று கப்பல்காரனுக்கே தெரியாது. மச்சினர் கேட்டு நான் கையை விரிப்பதா? நிலையத்துக் கண்ணியில் விழுந்த வண்டில் நாற்பதை எடுத்தேன். ஒவ்வொன்றின் வாயிலும் சொட்டு விட்டேன். பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு, கரும்புச் சக்கையோடு அடைத்து, துணிப்பைக்கு அடியில் வைத்துக் கப்பலேறினேன்.

மூன்றாம் நாள் நுக்காலே. கரையில் ஊரே நின்றது. ஹோனியாராவிலிருந்து மருந்து வருகிறது என்று மச்சினர் சொல்லி வைத்திருக்கிறார். உபதேசியார் பாட்டிசன் வெள்ளை அங்கி போட்டு, ஜெபப் புத்தகத்தோடு நின்றார். நேராகத் தோப்புக்கு நடந்தோம்.

தோப்பில் நுழைந்ததும் மட்டைகளை அண்ணாந்து பார்த்தேன்.

கொம்பு வண்டு தின்ற மட்டை கத்தரிக்கோலால் முக்கோணம் வெட்டினது போல இருக்கும். குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். அவர் மரங்களில் ஒரு வெட்டு இல்லை. நாலைந்து மரத்தில் குருத்து மட்டும் நெருப்பில் வாட்டினது போலக் காய்ந்து பழுப்பாக இருந்தது. அது வேறு பூச்சி. நகத்தைவிடச் சின்னது, தட்டையானது, விரியாத குருத்துக்குள் இருந்து சுரண்டும். அதற்கு வழி வேறு. நுக்காலேயில் கொம்பு வண்டே இல்லை. என் டின்னில்தான் இருந்தது.

அப்போதே திறக்காமல், கல்லைக் கட்டி டின்னைக் கடலில் போட்டிருக்கலாம். "தப்பா எடுத்துட்டு வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை. ஆனால் பாட்டிசன் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஊரே தலை குனிந்து நிற்கிறது. பொண்டாட்டி ஊர். நான் டின்னைத் திறந்தேன்.

மச்சினர் எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் பருமனில், கொம்போடு, பளபளவென்று கருப்பாக. அவர் தம் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. டின்னைப் பார்த்தார். காய்ந்த குருத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். எங்களில் ஒரு மச்சினன் எவ்வளவு தூரம் கேட்கலாமோ அவ்வளவு தூரம் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லாப் பார்த்துத்தானே கொண்டு வந்தீங்க?"

"பார்த்துத்தான்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன்.

சீக்கு வண்டுதானே, மாதத்தில் சாகப் போகிறது, என்ன கெடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரைப் பார்த்து அதிகாரமாகவும் பேசினேன். "இது மருந்து வண்டு. யாரும் அடிக்கக் கூடாது. தானாச் சாகும். அதுவரை விடணும்." டோரிஸ் என்று ஒரு கிழவி, நாக்கில் சுண்ணாம்பும் பாக்கும் எப்போதும் இருக்கும். "பரவால்லையே, எங்க ஊர் மாப்பிள்ளை பன்னிக்குட்டி சைசுல மருந்து கொண்டாந்திருக்காரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மச்சினர் சிரிக்கவில்லை. கிளம்பும்போது ஒரு மூட்டை வறட்டிய ஈரப்பலாத் துண்டு கொடுத்தார். அவர் வீட்டு மூன்று மாதச் சாப்பாடு. வாங்கிக்கொண்டேன்.

நிலையத்துக்குத் திரும்பினேன். ஆறாவது வாரம் ஹெஸ்டா அந்த இருபது வண்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கரகரவென்று சத்தம். இருபதும் ஐந்து காலோடு கரும்பை மென்றுகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து வயிற்றைக் கிழித்துக் காட்டினாள். குடல் நூல் போல, பழுப்பாக, நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

"பார்த்தீங்களா அண்ணே? சீக்கு இதுக்கு ஏறவே இல்லை."

பத்து நாள் கழித்துக் கால்களுக்குப் பதில் வந்தது. நியூ பிரிட்டனில் நான் பார்த்தது ஒரு ஜாதி. இது வேறு ஜாதி. உருவம் ஒன்று, உள்ளே ஆள் வேறு. அந்தச் சீக்கு இதை ஒன்றும் செய்யாது. "முன்னால நிக்கிறது ஒண்ணு, ஆனா ரெண்டு பேர்" என்றாள் ஹெஸ்டா. "உங்க மச்சினர் மாதிரி."

அவளுக்கு அது வேடிக்கை. நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். நாற்பது வண்டு. நல்ல ஆரோக்கியமான நாற்பது வண்டு. அதில் பாதி பெட்டை.

அன்றே சொல்லியிருந்தால் நுக்காலே தப்பியிருக்கும். ஊர் முழுக்க இறங்கித் தேடியிருந்தால் ஒன்றுவிடாமல் பிடித்திருக்கலாம். நான் சொல்லவில்லை. மச்சினரிடம் கெட்ட செய்தியை நேராகச் சொல்லக் கூடாது என்று முறை இருக்கிறதே, அதைப் போர்த்திக்கொண்டேன். ஈவ்லின் மூலம் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் முறையிலேயே இடம் இருக்கிறது. சொல்லவில்லை. வேலை போய்விடும். அதுதான் உண்மை.

அடுத்த வருஷம் பாட்டிசன் போன் செய்தார்.

"மரமெல்லாம் முக்கோணம் முக்கோணமா வெட்டுப்படுது. உங்க மருந்து ஏன் வேலை செய்யல?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார். "இங்க ஒரு பேச்சு ஓடுது. நீங்க போன மறுநாளே உங்க மச்சினர் அந்த மருந்து வண்டைத் தேடித் தேடிப் பிடிச்சு, தேங்காய்ச் சிரட்டையில உப்புத் தண்ணி வெச்சு அமுக்கினாராம். டோரிஸ் கண்ணால பார்த்திருக்கா. பதினோரு வண்டு. அதனாலதான் மருந்து கெட்டுப் போச்சுன்னு ஊரே கொதிக்குது. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. நெசந்தானா? கொல்லாம விட்டிருந்தா வேலை செஞ்சிருக்குமா?"

பதினோரு வண்டு. ஊரில் ஒரே ஒரு ஆள் சரியான வேலையைச் செய்திருக்கிறார். அது தம் குருத்தைத் தின்ற வண்டு இல்லை என்று தெரிந்து, தனியாக, ஒரு காது கேட்காத மனிதர், தோப்புத் தோப்பாக அலைந்து பதினொன்றைப் பிடித்திருக்கிறார். ஏன் கொன்றாய் என்று ஊர் கேட்டபோது, என் மாப்பிள்ளை தப்பான வண்டைக் கொண்டு வந்தான் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை.

"செஞ்சிருக்கும்" என்றேன் பாட்டிசனிடம். "விட்டிருந்தா வேலை செஞ்சிருக்கும்."

அந்த மாதமே அவரிடமிருந்து மணியைப் பிடுங்கிவிட்டார்கள். ஈவ்லின் அழுதாள். "எங்கண்ணன் ஒரு எறும்பை மிதிக்க யோசிக்கிற ஆளு. காரணமில்லாமக் கொல்ல மாட்டாரு. யோவ், நீ அங்க என்னத்தைக் கொண்டு போனே?"

"மருந்துதான். போய்ச் சோத்தைப் போடு."

ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். ஒவ்வொரு கப்பல் வரும்போதும் செய்தி வரும். நாற்பது மரம் போனது, எழுபது போனது. சில குடும்பங்கள் பெரிய தீவுக்கே போய்விட்டன. அவர் தோட்டத்துப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லையாம். டோரிஸ் அவரைக் கண்டால் "வந்துட்டாரு நம்ம வைத்தியர்" என்பாளாம்.

பிறகு ஹெஸ்டா நுக்காலேயைப் பார்க்க வேண்டும் என்றாள். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டாள், அந்த ஊர் தெரிந்தவன் என்று. கப்பலிலிருந்து பார்த்தபோது கரையில் தலையில்லாத கம்பங்கள் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை. மணிச் சத்தம் கேட்டது. யாரோ அவசர அவசரமாக அடித்தார்கள், சட்டி உருட்டுவது போல. அவர் அடித்தால் இரண்டு அடிக்கு நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும்.

பூசை முடிந்து வாசலில் ஊர் கூடியது. மச்சினர் கடைசியில், தனியாக, ஒரு வேர் மேல் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். ஹெஸ்டா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "கொம்பு வண்டுல ரெண்டு ஜாதி. ஒண்ணு சீக்கு வந்து சாகும். இன்னொண்ணு சாகாது. பார்த்தா வித்தியாசம் தெரியாது. இங்க இருக்கறது சாகாத ஜாதி. பிடிச்சுக் கொல்றதும், மக்கின மரத்தைப் பிளந்து புழுவை எடுக்கறதும்தான் வழி."

பாட்டிசன் நெற்றியைச் சுருக்கினார். "அப்போ அந்த மருந்து வண்டை எல்லாம் கொல்லாம விட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லையா?"

"எந்த மருந்து வண்டு?" என்றாள் ஹெஸ்டா.

டோரிஸ் பாக்கைத் துப்பிவிட்டு, "இந்த ஆளைக் கேளு, அமுக்கின ஆளு அங்கதான் உட்கார்ந்திருக்கு" என்று அவரைக் கை காட்டினாள். ஹெஸ்டா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது.

அப்போதும் ஒரு பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மச்சினர் தலையைச் சாய்த்து, இடது காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நான் என்ன பொய் சொன்னாலும் அவர் மறுக்கமாட்டார். அது தெரிந்ததும் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. முன்னால் போனேன்.

"இந்த ஊர்ல கொம்பு வண்டு இல்லவே இல்லை. பிஸ்கட் டின்னுல நான்தான் கொண்டு வந்தேன். வாசலைத் தாண்டக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு சொல்லியும் திருட்டுத்தனமா எடுத்தேன். டின்னைத் திறக்கறதுக்கு முன்னாடியே மரத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன், தப்புன்னு. தெரிஞ்சுதான் திறந்தேன். அப்புறம் அது சாகாத ஜாதின்னும் தெரிஞ்சுது. அதையும் சொல்லல. பதினோரு வண்டைக் கொன்னவர்தான் இந்த ஊரைக் காப்பாத்தப் பார்த்தவர்."

"யாரு?" என்றார் பாட்டிசன். வேண்டுமென்றே கேட்டாரா, திகைப்பில் கேட்டாரா தெரியாது. ஊர் பேசியதும் பெயரை வைத்துத்தான், கெட்டதும் அந்தப் பெயர்தான். 'என் மச்சினர்' என்று சொல்லித் தப்பித்தால் பாதிதான் சொன்னதாகும் என்று பட்டது.

பெயரைச் சொன்னேன். சத்தமாக.

பெண்கள் வாயைப் பொத்தினார்கள். டோரிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்து போய்விட்டார். ஹெஸ்டா நோட்டை மூடினாள். "அறிக்கையில எழுதியே ஆகணும் அண்ணே" என்றாள். எழுது என்றேன். எழுதினாள். வேலை போனது. அது நியாயம்தான்.

பெயரைச் சொன்னதற்கு மறுநாள் கோடரியை எடுத்துக்கொண்டு அவர் தோப்புக்குப் போனேன். கூப்பிடவில்லை, தானாகப் போனேன். விழுந்து கிடந்த ஒரு மரத்தை அவர் பிளந்துகொண்டிருந்தார். நடுவெல்லாம் மக்கி, உள்ளே விரல் நீளப் புழுக்கள் வளைந்து கிடந்தன. அவர் நிமிராமலே பேசினார்.

"நீ அந்த முனையிலேருந்து பொள. புழுவை வாளியில போடு. நீ நசுக்காதே, எண்ணிக்கை தப்பிடும்."

நீ.

இருபத்திரண்டு வருஷம் நான் அவருக்கு இரண்டு பேராக இருந்தேன். இப்போது ஒரு ஆள். எங்கள் பேச்சில் தெருவில் போகிறவனை, உறவில்லாதவனை, அப்படித்தான் கூப்பிடுவோம். நான் அந்த முனைக்குப் போய்ப் பிளக்க ஆரம்பித்தேன். இது நடந்து மூன்று வருஷம். நாங்கள் ஹோனியாராவை விட்டு இங்கேயே வந்துவிட்டோம். தினமும் பிளக்கிறோம். மணியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். ஈவ்லின் அவர் வீட்டில் போய்ச் சாப்பிடுகிறாள். என்னை அவர் வா என்றதில்லை.

போன வாரம் வேலை நடுவில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் 'மேலேயிருந்து தண்ணி' என்று வாயெடுத்தேன், நிறுத்தினேன். உறவில்லாதவனுக்கு எதற்கு அந்தச் சுற்று.

"மழை வருது" என்றேன்.

நான் நின்றது அவருடைய இடது பக்கம். கேட்கிற காது. அவர் கோடரியை ஓங்கி அடுத்த துண்டைப் பிளந்தார்.